முன்கதவு ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் பூட்டுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கார் வாங்கியவர்கள் முதலில் மாற்றுவது பெரும்பாலும் பிளேயரைத்தான். மைவி, சாகா, பெஸ்ஸா என்று எந்தக் காராக இருந்தாலும் டேஷ்போர்டில் அகலத் திரை கொண்ட ஆண்ட்ராய்டு பிளேயர் ஏறிவிடுகிறது. அதற்கடுத்து முன்கதவு ஸ்பீக்கர்கள் மாறுகின்றன. இவ்வளவு செய்த பிறகும், ஈப்போ செல்லும் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது பாட்டு காற்றிரைச்சலில் அமிழ்ந்துபோகிறது என்றும், ஒலியைக் கூட்டினால் கரகரக்கிறது என்றும் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அடுத்ததாகக் கடைகளில் காட்டப்படுவது காரின் பின்புறத்தில் வைக்கும், அடி ஓசைக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர். என் கருத்தில் அது வரிசை மாறிய செலவு. பாடகரின் குரலும் நாதஸ்வரமும் வீணையும் நம் காதுக்கு வருவது முன்கதவுகளிலிருந்துதான். ஒலிச் சிக்னலின் சக்தியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) ஒன்றைப் பூட்டி, அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் அளவான, வெட்டுப்படாத சக்தியைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு யோசிக்கலாம்.

இந்த வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு வாசலிலேயே செய்து முடிக்க முடியும். ஆனால் அவசரமாகச் செய்யக் கூடாது. ஸ்பீக்கர் வயரின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிப் பூட்டினால் ஓசைதான் கெடும். பேட்டரியிலிருந்து வரும் வயரைப் பியூஸ் இல்லாமல் பூட்டினால் காரே எரிந்துவிடக்கூடும். ஆகவே கீழே சொல்லப்படும் வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: எல்லா இணைப்புகளும் முடிந்து, எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்த பின்பே பேட்டரி இணைப்பு.

பிளேயரின் சக்தி ஏன் போதவில்லை

பிளேயரின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகபட்சம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை 4 ஓம் ஸ்பீக்கரில் முழுமையாகச் செலுத்தினால், 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, ஏறக்குறைய 52 வாட் கிடைக்கும். ஆனால் அது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் வரும் சக்தி. அப்போது கேட்பது கரகரப்புதான். அலை வெட்டுப்படாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் பாதியான 26 வாட்டே கோட்பாட்டு எல்லை. உள்ளே ஏற்படும் இழப்புகள் போக, ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வெளியீட்டுக்கு, 18 முதல் 20 வாட் வரைதான் நடைமுறையில் மிஞ்சும். விலை உயர்ந்த பிளேயர் வாங்கினாலும் இந்த எல்லை பெரிதாக மாறாது, ஏனென்றால் 12 வோல்ட் பேட்டரி விதிக்கும் எல்லை அது.

தனி ஆம்ப்ளிஃபையருக்குள் அந்த மின்னழுத்தத்தை முதலில் உயர்த்திக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. அதனால்தான் அது ஒரு சேனலுக்கு 50, 60 வாட் என்று உண்மையாகவே தர முடிகிறது. இருந்தாலும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. 20 வாட் 50 வாட்டாக உயர்ந்தால் ஒலியளவு 4 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். ஆகவே கிடைக்கப்போவது தெளிவு. வெட்டுப்படாத அலை பாதிப் பலன் என்றால், ஆம்ப்ளிஃபையரில் உள்ள கிராஸ்ஓவர் என்னும் வடிகட்டி மறுபாதிப் பலன். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

என்ன வாங்க வேண்டும்

ஆம்ப்ளிஃபையரின் மேல் பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். 4 ஓமில் ஒரு சேனலுக்கு எத்தனை வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்பதை மட்டும் பாருங்கள். அந்த எண்ணும் நம்பும்படி இல்லையென்றால், அதில் செருகியிருக்கும் பியூஸ் உண்மையைச் சொல்லிவிடும். '2000 வாட்' என்று எழுதிய ஒரு ஆம்ப்பில் 20 ஆம்பியர் பியூஸ் இருந்தால், 20-ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கக் கிடைப்பது 276 வாட். ஏபி வகை ஆம்ப் உள்ளே வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் ஒலியாக வெளியே விடும். மீதி சூடாகப் போய்விடும். எனவே அந்த 2000 வாட் பெட்டி எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்துத் தரக்கூடியது சுமார் 165 வாட். டி வகை ஆம்ப்புகள் 80 விழுக்காட்டுக்கு மேல் தரும், அளவிலும் சிறியவை, சூடும் குறைவு. இருக்கைக்கு அடியில் வைக்கப்போகிறவர்களுக்கு நான் டி வகையையே சொல்வேன்.

இரண்டு சேனல் ஆம்ப் போதுமானதுதான். ஆயினும் விலையில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் நான்கு சேனல் வாங்கிவிடலாம். மீதி இரண்டு சேனல்களைப் பின்னாளில் பின்கதவு ஸ்பீக்கருக்கோ, ஒன்றிணைத்து ஒரு சிறிய சப்வூஃபருக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம். சேனலுக்கு 40 முதல் 60 வாட் வரை இருந்தால் சாதாரண 6.5 அங்குல ஸ்பீக்கருக்குத் தாராளம். காரோடு வந்த காகிதக் கூம்பு ஸ்பீக்கரை மாற்றாமல் வைத்திருப்பவர்களும் ஆம்ப் பூட்டலாம். ஆனால் ஒலியளவை அடக்கியே வைக்க வேண்டியிருக்கும்.

வயர் வாங்கும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மலிவான வயர்ச் செட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சும் கொண்டவை. அதே தடிமனுள்ள செம்பு வயரோடு ஒப்பிட்டால் அவை மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தையே தாராளமாகக் கடத்தும். திருகில் இறுக்கினால் நாளடைவில் நெகிழ்ந்தும் போகும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். முழுச் செம்பு வயராக 8 கேஜ், அதாவது சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர் உள்ளதை வாங்குங்கள் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). நான்கு மீட்டர் நீளத்தில் 25 ஆம்பியர் ஓடினாலும் அதில் 0.2 வோல்ட்தான் குறையும். செம்பு கிடைக்கவில்லை என்றால், அலுமினிய வயரில் 4 கேஜ் எடுங்கள்.

இவற்றுடன் பேட்டரிப் பக்கத்துப் பியூஸ் கூடு ஒன்று, அதற்கு 30 அல்லது 40 ஆம்பியர் பியூஸ், பிளேயரிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் நல்ல ஆர்சிஏ கேபிள் ஒரு ஜோடி, 16 கேஜ் ஸ்பீக்கர் வயர், ஆம்ப்பை முடுக்கும் ரிமோட் இணைப்புக்கு ஒரு மெல்லிய வயர், வயர் முனையில் மாட்டும் வளைய லக்குகள், அவற்றை நசுக்கிப் பிடிக்கச் செய்யும் கிரிம்ப் குறடு, நெளிவுக் குழாய், கேபிள் டை, ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டரை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

தொடங்கும் முன்

புதிய கார் என்றால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். காரின் மூல வயரை வெட்டினால் மின்சாரப் பகுதிக்கான உத்தரவாதத்தை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அத்தகையவர்கள் பிளேயருக்கும் காரின் பிளக்குக்கும் இடையில் செருகக்கூடிய இணைப்பு வயர்த் தொகுதியை வாங்கி, வெட்டுவதை எல்லாம் அதிலேயே செய்துகொள்ளலாம். கார் மாடலின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் கடையிலும் இணையச் சந்தையிலும் கிடைக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மறுபடி தொட்டுவிடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். சில கார்களில் இதனால் கண்ணாடி தானே ஏறுவதும் கடிகாரமும் பிளேயரின் ரகசிய எண்ணும் அழிந்துபோகும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்னதாகவே பாருங்கள். கழற்றிய பிறகு சில நிமிடங்கள் காத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். டேஷ்போர்டுக்குள்ளும் இருக்கைக்கு அடியிலும் மஞ்சள் நிறப் பிளக்குகளைக் கண்டால் அவை ஏர்பேக்கினுடையவை. அவற்றைக் கழற்றவோ மல்டிமீட்டர் ஊசியால் தொடவோ கூடாது.

ஆம்ப்பை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும். முன் ஸ்பீக்கருக்கு மட்டும் என்றால் முன்பயணியின் இருக்கைக்கு அடியே சிறந்த இடம். எல்லா வயர்களும் குட்டையாக முடிந்துவிடும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து எதுவும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். தரை விரிப்பின் மேல் நேரடியாக வைக்காமல் ஒரு சிறு பலகையோ தாங்கியோ கொடுத்து ஓரிரு அங்குலம் உயர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் செருப்போடு உள்ளே வரும் நீரும், ஏர்கான் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் பயணியின் காலடியில் தேங்கும் நீரும் ஆம்ப்புக்கு எமன். சூடு வெளியேற நாற்புறமும் சிறிது இடைவெளி வேண்டும்.

பேட்டரி வயர்

பேட்டரி இருக்கும் பக்கத்திலேயே வயரை உள்ளே கொண்டுவாருங்கள். எஞ்சின் அறைக்கும் பயணியர் அறைக்கும் இடையிலுள்ள தகட்டில் மூல வயர்கள் வரும் ரப்பர் அடைப்பான் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சிறு துளையிட்டு வயரைச் செலுத்தி, வெளிப்பக்கம் சிலிக்கோன் பூசிவிடலாம். ரப்பர் இல்லாத வெறும் தகட்டுத் துளை வழியாக வயரை விடவே கூடாது. எஞ்சினின் அதிர்வில் தகட்டின் விளிம்பு மெல்ல மெல்ல உறையை அறுத்துச் செம்பைத் தொட்டுவிடும். நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலப்பக்கமாக வயர் இழுக்க நேர்ந்தால் ஸ்டியரிங் தண்டிலும் பிரேக் மிதியிலும் அது படாமல் கட்டிவிட வேண்டும்.

எஞ்சின் அறைக்குள் போகும் வயர் முழுவதையும் நெளிவுக் குழாயில் நுழையுங்கள். இது அழகுக்காகச் சொல்வதன்று. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைக் கூடுகளே வைக்கிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்த எலிகள் இரவில் தோட்டத்தோரம் நிறுத்திய காரின் எஞ்சின் அறையில் ஏறி வயர் கடிப்பதும் தெரியும். கடிபட்ட வயர் காரின் இரும்புப் பாடியைத் தொடும்போது காரைக் காப்பாற்றப்போவது பியூஸ்தான். அதனால்தான் பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 45 சென்டிமீட்டருக்குள் என்பது பொதுவான விதி. இடமிருந்தால் ஒரு சாண் தூரத்திலேயே வையுங்கள். ஆம்ப்பிலேயே பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆம்ப்பில் உள்ளது ஆம்ப்பைக் காப்பது. பேட்டரியில் உள்ளது, இரண்டுக்கும் இடையில் ஓடும் வயரைக் காப்பது. இரண்டாவதை விட்டுவிட்டால் அந்த வயரின் நீளம் முழுவதும் காவலற்றது.

வயரின் முனையில் வளைய லக்கைக் கிரிம்ப் செய்து, பேட்டரிப் பாசிட்டிவ் பிடியின் திருகாணியில் பூட்டலாம். ஆனால் பியூஸை இப்போது கூட்டில் போட வேண்டாம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த்

ஆம்ப்பின் கிரவுண்ட் முனையைக் காரின் பாடியில் பூட்ட வேண்டும். பேட்டரி வயருக்கு எந்தத் தடிமனோ இதற்கும் அதே தடிமன். நீளம் அரை மீட்டருக்குள். விரிப்பை விலக்கி, பாடியோடு பற்றவைக்கப்பட்ட தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு திருகாணியைத் தேடுங்கள். சீட்பெல்ட் திருகாணியையும் இருக்கைத் திருகாணியையும் தொடாதீர்கள். அவை விபத்தில் உயிரைக் காப்பவை, இடையில் ஒரு லக்கைச் செருகி அவற்றின் இறுக்கத்தைக் கெடுக்கக் கூடாது. புதிதாகத் துளையிடத்தான் வேண்டுமென்றால், காருக்கு அடியில் படுத்துப் பார்த்து அந்த இடத்தில் எண்ணெய்க் குழாயும் பிரேக் குழாயும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே துளையிடுங்கள்.

உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு தெரிய வேண்டும். லக்கை இறுக்கிய பிறகு மேலே சிறிது கிரீஸோ பெயின்ட்டோ தடவிவிட்டால் துரு ஏறாது. ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) எழுப்பும் சீழ்க்கை, ஆம்ப் அடிக்கடி அணைந்துபோவது, ஒலி மெலிந்திருப்பது என்று கடைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே இதற்குக் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தாலும் வீணில்லை. புதிய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் பிடியில் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிறு உணரி இருக்கும். அத்தகைய கார்களில் ஆம்ப்பின் எர்த்தை நேரே அந்தப் பிடியில் கொண்டுபோய்ப் பூட்டினால் அதன் கணக்கு தவறிவிடும்.

சிக்னலும் ரிமோட்டும்

பிளேயரின் பின்னால் ஆர்சிஏ துளைகள் இருந்தால், முன்புறம் என்று குறித்த ஜோடியிலிருந்து கேபிளை ஆம்ப்புக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி வயர் இடப்பக்கமாக வந்தால் ஆர்சிஏ வலப்பக்கமாகவோ நடுவிலோ வரட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க விடுங்கள்.

காரோடு வந்த மூல பிளேயரில் பெரும்பாலும் ஆர்சிஏ இருக்காது. அப்போது பிளேயரின் ஸ்பீக்கர் வயர்களையே சிக்னலாக எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் உள்ளீடு உள்ள ஆம்ப்பை வாங்க வேண்டும். அந்த வயர்களில் நெகட்டிவ் என்பது பாடி எர்த் அன்று. இரண்டு வயரிலுமே பாடியோடு ஒப்பிட ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும். பழைய பழக்கத்தில் ஸ்பீக்கர் நெகட்டிவை எங்காவது பாடியில் தொட்டுவிட்டால் பிளேயரின் ஐசி, அதாவது ஒலியைப் பெருக்கும் சில்லு, கருகிவிடும். இதே 6 வோல்ட்டை உணர்ந்து தானே விழித்துக்கொள்ளும் ஆம்ப்புகளும் உண்டு; அவற்றுக்கு ரிமோட் வயர் வேண்டியதில்லை.

மற்ற ஆம்ப்புகளுக்கு ரிமோட் வயர் வேண்டும். பிளேயரை முடுக்கும்போது ஆம்ப்பையும் முடுக்குவது அது. வெளியில் வாங்கும் பிளேயர்களில் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் இதற்கானது. வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. ஆண்ட்ராய்டு பிளேயர்களில் நிறத்தை முழுமையாக நம்ப முடியாது, எனவே 'ஆம்ப்' என்று எழுதிய ஒட்டுத்தாளைத் தேடுங்கள். பின்னர் பேட்டரியை இணைத்ததும், பிளேயரை முடுக்கும்போது 12 வோல்ட் வருகிறதா, அணைத்ததும் போகிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளலாம். ரிமோட்டைப் பேட்டரியின் நிரந்தர 12 வோல்ட்டில் பூட்டினால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும். காலையில் கார் முடுக்காது.

ஸ்பீக்கர் வயர்: வேலையின் நடு

ஆம்ப்பிலிருந்து கதவுக்குப் புது வயர் இழுப்பதே உயர்ந்த வழி என்று சொல்வார்கள். கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். பழைய சாகா, வீரா போன்ற கார்களில் அது வெறும் குழாயாக இருந்து, வயர் உள்ளே நுழைய இடம் கொடுக்கலாம். அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு பிளக் முழுத் துளையையும் அடைத்திருக்கும். அதைத் துளைத்து வயர் விடுபவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி மோட்டார், கதவுப்பூட்டு வயர்களெல்லாம் அதற்குள் இருப்பதால் புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குத் தேவையும் இல்லை. காரின் மூல ஸ்பீக்கர் வயர் மெல்லியதுதான். என்றாலும் 50, 60 வாட்டுக்கு அது தாங்கும். ஆகவே ஆம்ப்பின் வெளியீட்டை 16 கேஜ் வயரில் மறுபடி பிளேயரின் பின்புறத்துக்கே கொண்டுசென்று, அங்கிருந்து கதவுக்குப் போகும் மூல வயரில் சேர்த்துவிடலாம். கதவைப் பிரிக்கவே வேண்டியதில்லை. டேஷ்போர்டின் மூலையில் ட்வீட்டர் என்னும் உச்ச ஓசைக்கான தனி ஸ்பீக்கர் இருந்தால் அதுவும் தானாகவே இதில் சேர்ந்துகொள்ளும்.

வெளியில் வாங்கும் பிளேயரின் வயர்களில் முன் இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை, அதன் நெகட்டிவுக்குக் கருப்புக்கோடிட்ட வெள்ளை. முன் வலதுக்குச் சாம்பல், நெகட்டிவுக்குக் கருப்புக்கோடிட்ட சாம்பல். இந்த நான்கை மட்டும், பிளேயரின் பிளக்குக்கும் காரின் பிளக்குக்கும் நடுவில், இருபுறமும் விரல் நீளம் மிஞ்சும்படி வெட்டுங்கள். காரின் பக்கம் போகும் நான்கு முனைகளில் ஆம்ப்பின் வெளியீடு சேர வேண்டும். பிளேயரின் பக்கம் உள்ள நான்கு முனைகள், ஆர்சிஏ பயன்படுத்துபவர்களுக்கு இனி வேண்டாதவை: ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி மூடுங்கள். ஹை லெவல் உள்ளீட்டுக்காரர்களுக்கு அவையே ஆம்ப்புக்குள் போகும் சிக்னல். எந்த நிலையிலும் பிளேயரின் முனையும் ஆம்ப்பின் வெளியீடும் ஒரே ஸ்பீக்கர் வயரில் சந்திக்கக் கூடாது. வெட்டாமல் மேலே ஒட்டுப்போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பிளேயரை இழப்பது இப்படித்தான்.

வயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும். தோட்டத்துச் செம்மண் சடக்கின் குலுக்கலில் முறுக்கு அவிழ்ந்துவிடும். கிரிம்ப் குழல் போட்டு இறுக்குங்கள், அல்லது ஈயம் பற்றவைத்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

இனி, ஆம்ப்பில் பூட்டுவதற்கு முன், ஸ்பீக்கர் வயரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். சுழி காட்டினால் எங்கோ இரண்டு வயர்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒவ்வொரு முனைக்கும் பாடிக்கும் இடையிலும் பாருங்கள்; அங்கே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. பாசிட்டிவ், நெகட்டிவ் குழப்பமிருந்தால் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள்: பேட்டரியின் பாசிட்டிவ் ஸ்பீக்கரின் பாசிட்டிவைத் தொடும்போது கூம்பு வெளியே தள்ளும். இடமும் வலமும் மாறுபட்டுப் பூட்டப்பட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பாட்டில் அடி ஓசை காணாமல் போவதற்கு அதுவே காரணம்.

முதன்முறை முடுக்குதல்

ஆம்ப்பின் கெயின் திருகைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, திருகுகளில் பூட்டிய எல்லா வயர்களையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைப் பூட்டி, கடைசியாகச் சட்டைப் பையில் உள்ள பியூஸைப் போடுங்கள். போடும்போது சிறு பொறி வருவது இயல்பு; உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் நிரம்புகின்றன. பிளேயரை மிகத் தாழ்ந்த ஒலியில் முடுக்குங்கள். ஆம்ப்பில் பச்சையோ நீலமோ விளக்கு எரிந்தால் சரி. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப் தன்னைத் தானே காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் பாடியில் தொட்டிருக்கும். உடனே அணைத்து, பியூஸை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

கெயினும் கிராஸ்ஓவரும்

கெயின் ஒலி கூட்டும் திருகு என்ற எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது. பிளேயர் அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. அதிகமாகத் திருகினால் சக்தி கூடுவதில்லை. அலை சீக்கிரம் வெட்டுப்படத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

சரியாக வைக்கும் முறை இது. ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். பிளேயரில் ஈக்குவலைசர், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணைத்து, ஒலியை முக்கால் அளவில் வையுங்கள். 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் பதிவுசெய்த கோப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தபடி கெயினை மெல்லத் திருகுங்கள். எந்த வோல்ட்டில் நிறுத்துவது என்பதற்கு, ஆம்ப்பின் ஆர்எம்எஸ் வாட்டை 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 40 வாட்டுக்கு 12.6 வோல்ட், 50 வாட்டுக்கு 14.1, 60 வாட்டுக்கு 15.5. ஆம்ப் 60 வாட், ஸ்பீக்கர் தாங்குவது 40 வாட் என்றால் சிறிய எண்ணுக்கே வையுங்கள். இதைச் செய்யும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். காரைத் திறந்த வெளியில் நிறுத்திச் செய்யுங்கள். முடிந்ததும் பிளேயரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை மறுபடி பூட்டுங்கள்.

அடுத்தது கிராஸ்ஓவர். அதன் விசையை 'ஹெச்பிஎஃப்' (ஹை பாஸ் ஃபில்டர்) என்ற இடத்துக்குத் தள்ளி, திருகை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மூல காகித ஸ்பீக்கர் என்றால் 100. இதற்குக் கீழுள்ள அடி ஓசையைக் கதவு ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் தடுப்பதே இதன் பணி. 6.5 அங்குலக் கூம்பு அந்த அடி ஓசையை உருவாக்க முயன்று பெரிதாக முன்னும் பின்னும் ஆடும். அப்படி ஆடிக்கொண்டே குரலையும் பாடினால் குரல் குழறிவிடும். புதியவர்கள் பலர் அடி ஓசை போய்விடுமே என்று இந்த விசையைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு நன்கு பழகிய ஓர் உறுமி மேளப் பதிவைப் போட்டு, விசையை மாற்றி மாற்றிக் கேளுங்கள். வடிகட்டி இல்லாதபோது ஒலியைக் கூட்டக் கூட்ட உறுமியின் இழுப்பும் குச்சியின் அடியும் ஒன்றாகக் குழம்பும்; 80-இல் வைத்ததும் இரண்டும் தனித்தனியே கேட்கும், இன்னும் இரண்டு மூன்று படி ஒலியைக் கூட்டவும் முடியும். இந்தச் சோதனைக்கு வானொலி உதவாது. நிலையங்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன.

வரக்கூடிய சிக்கல்கள்

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சீழ்க்கை கேட்டால், முதலில் ஆர்சிஏவை ஆம்ப்பிலிருந்து கழற்றிப் பாருங்கள். சீழ்க்கை நின்றுவிட்டால் அது பிளேயரின் பக்கத்திலிருந்தோ கேபிளின் வழியிலோ வருகிறது: பிளேயரின் கருப்பு எர்த் வயரைப் பாடியில் நன்றாகப் பூட்டி, ஆர்சிஏவின் பாதையை மாற்றிப் பாருங்கள். கழற்றியும் நிற்காவிட்டால் ஆம்ப்பின் எர்த்தைப் பாருங்கள். உரக்கப் பாடும்போது ஆம்ப்பின் கிரவுண்ட் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட்டை அளந்தால் 0.1 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் பெயின்ட்டை இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது.

கதவுத் தகடு படபடவென்று அதிர்ந்தால் அது ஆம்ப்பின் குற்றமன்று, இதுவரை மறைந்திருந்தது இப்போது வெளிப்படுகிறது. ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள தகட்டில் பியூட்டைல் அட்டையை ஒட்டலாம். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ளவர்கள், பழைய மைவிகளில் பரவலாகப் போடப்படும் என்எஸ்40 வகைப் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். திடலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து மாலை முழுவதும் பாட விடும் அளவுக்கு அதில் இருப்பு இல்லை.

இரண்டு வாரம் ஓட்டிய பிறகு, பேட்டரிப் பிடி, பியூஸ் கூடு, எர்த் திருகாணி, ஆம்ப்பின் திருகுகள் ஆகிய நான்கையும் மறுபடி இறுக்குங்கள். தோட்டச் சடக்கில் தினமும் ஓடும் கார் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கைவசம் அதே அளவுள்ள பியூஸ் இரண்டைக் காருக்குள் வைத்திருங்கள். ஒன்று போய், மாற்றிய இரண்டாவதும் போய்விட்டால் மூன்றாவதாக 60 ஆம்பியரோ வெள்ளித் தாளோ போட்டு ஓட்டாமல், கூட்டைத் திறந்தே வைத்துவிட்டு வீடு திரும்பி, பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை வயரைக் கையால் தடவிக்கொண்டே உறை எங்கே நைந்திருக்கிறது என்று தேடுங்கள்.